பிந்தி விழுந்த மூன்றாவது தட்டு

எங்கள் சபை இளைஞர்களில் மூன்று பேர் இப்போது 'பீட்' செய்கிறார்கள். செய்வது என்பது அவர்கள் சொல். எங்கள் காலத்தில் 'ரிதம் போடுவது' என்போம். மூவரும் பொறியியல் படித்தவர்கள். உலகத்தில் உள்ள அத்தனை தாள வாத்தியங்களின் சத்தமும் அவர்களுடைய மடிக்கணினிக்குள் தயாராக இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. போன மாதம் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த என்னை மறித்து அதைக் கேட்டார்கள்.

"அங்கிள், உங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன் எங்கருந்து வந்துச்சு?"

"பயத்துலருந்து" என்றேன்.

சிரித்தார்கள். ஓய்வுபெற்றவன் எதைச் சொன்னாலும் அது நகைச்சுவையாகிவிடுகிறது. எழுதித் தருகிறேன், படித்துவிட்டுச் சிரியுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் வேலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் வாசித்தவன். கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பள்ளியில் பேண்டு மாஸ்டராக இருந்ததால் 'ரிட்டயர்டு' என்று போட்டுக்கொள்ள முடிகிறது. முழுக்க மேடையிலேயே இருந்திருந்தால் 'சும்மா இருக்கிறார்' என்றுதான் சொல்வார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. சபைப் பாடகர் குழுவில் சின்ன டிரம், திருப்பத்தூரில் ஒருவரிடம் இரண்டு வருடம் தபேலா, நடுவில் அப்பாவின் திருப்திக்காக வரலாற்றில் பி.ஏ. அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இந்தத் தொழிலுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் 'டிரம்' என்றால் தோல் பதனிடும் டேனரியில் தோல் ஊறும் மரப் பீப்பாய். ஒரு சின்ன அறை அளவு இருக்கும். படுக்கை வசத்தில் இரும்பு அச்சில் மெதுவாகச் சுற்றும். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் சேர்ந்து புரளும். எனக்குப் பெண் பார்க்கப் போன முதல் வீட்டில் என் சித்தப்பா, "பையன் டிரம்ல இருக்கான்" என்றார். பெண்ணின் தகப்பனார் திருப்தியாக நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்த டேனரி?" என்று கேட்டார். விளக்கிச் சொன்ன பிறகு காபி வரவில்லை. அடுத்த வீட்டில் வாத்தியார் மகன் என்பதோடு நிறுத்திக்கொண்டோம். அங்கேதான் கல்யாணம் ஆயிற்று.

இனி வழிமுறை. கேட்டவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் மெட்டைக் கேட்கக் கூடாது. பாட்டின் வரிகளைத் தாளில் வாங்கி, பேசுவதுபோல் நான்கு முறை படிக்க வேண்டும். மூச்சு நிற்கும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, அழுத்தம் விழும் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி. புள்ளிகளை மட்டும் தொடையில் தட்டினால் ஓர் எலும்புக்கூடு கிடைக்கும். பிறகு மெட்டு. மெட்டும் எலும்புக்கூடும் எங்கே சண்டை போடுகின்றனவோ அங்கேதான் ரிதம் இருக்கிறது. அந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கக் கூடாது, நடத்திவைக்க வேண்டும். முதலில் தோன்றுவதை எழுதி, உடனே அடித்துவிட வேண்டும். அது நம்முடையது அல்ல, போன வாரம் ரேடியோவில் கேட்டது. இரண்டாவது, முதலாவதுக்கு எதிராக வேண்டுமென்றே செய்தது. அதையும் அடிக்க வேண்டும். மூன்றாவதிலிருந்துதான் யோசிக்கவே ஆரம்பிக்கிறோம். கிடைத்ததை வாத்தியத்தில் வாசிக்கும் முன் தெருவில் நடந்து பார்க்க வேண்டும். நம் கால் தடுக்கினால் பாடுகிறவனுக்கும் தடுக்கும்.

இதில் எந்தப் படியிலும் இன்ஸ்பிரேஷன் என்ற சொல் இல்லை. வழிமுறை முழுக்கத் தோற்ற பிறகு மனிதன் தேடுகிற சொல் அது.

எங்கள் குழுவை நடத்தியவர் அற்புதராஜ் மாஸ்டர். வயலின்காரர். மேல்நாட்டு முறைப்படி இசையை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர். புதிதாக ஒரு ரிதம் போட்டுக் காட்டும்போது வயலினை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இடது கண்ணாடி, வலது கண்ணாடி என்று வரிசையாகத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இன்னொண்ணு?" என்பார். கோபம் இருக்காது. பந்தியில் இட்லி வைக்கிறவர் கேட்பதுபோல்தான் கேட்பார். பிடித்திருந்தால் வாயே திறக்க மாட்டார். மடியிலிருக்கும் வயலின் தோளுக்குப் போகும். பதினோரு வருடத்தில் 'நல்லா இருக்கு' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வயலின் மேலே போகிறதா என்று பார்த்துப் பார்த்தே எனக்கு வயிற்றில் புண் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கேசட் வந்தது. மேடைக் கச்சேரிகள் குறைந்தன. மெட்ராஸிலிருந்து ஒரு கேசட் கம்பெனிக்காரர் எங்களைத் தேடி வந்தார். கிறிஸ்தவப் பாடல்கள் பத்து, மாஸ்டர் மெட்டு, எங்கள் குழு. கையோடு ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு கருவியும் கொண்டுவந்தார். பொத்தானை அழுத்தினால் அதுவே டும் டக் என்று வாசித்தது.

"இது டீ கேக்காது. தலவலின்னு சொல்லாது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்பது பாட்டுக்கு ரிதம் ஆகிவிட்டது. பத்தாவதுதான் ஒத்துவரவில்லை. கால் ஊனமான ஒருவன் கோயிலைப் பார்த்து நடந்து வருகிற பாட்டு. மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "நொண்டி நடக்கறவன் நடை வேணும் தேவா. ஆனா கேக்கறவன் நொண்டக் கூடாது." ஏழு விதமாகப் போட்டேன். ஏழு முறை கண்ணாடி துடைக்கப்பட்டது. கம்பெனிக்காரர் பொறுமை இழந்தார். வருகிற சனிக்கிழமை பதினோரு மணிக்கு வந்து கேட்பேன், அன்றைக்கும் ரிதம் தயாராகவில்லை என்றால் பத்துப் பாட்டுக்கும் பெட்டியே வாசிக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டி ஒருமுறை உள்ளே வந்தால் வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் இரண்டு குழந்தைகள்.

சாப்பிடும்போது தட்டைத் தட்டினேன். தெருவில் கால் விந்தி நடக்கிறவர்கள் பின்னால் போனேன், ஒருவர் திரும்பி நின்று, "இன்னா வோணும் உனுக்கு?" என்று கேட்டார். மனைவி பேசுவதை நிறுத்திக்கொண்டாள். அவள் பேச்சுக்கும் நான் புள்ளி வைக்க ஆரம்பித்திருந்தேன்.

திங்கட்கிழமை ஆம்பூருக்குப் போனேன். நான் கையால் தட்டி வாசிக்கும் பாங்கோவுக்கு ஆட்டுத்தோல் மாற்ற வேண்டியிருந்தது. சில மாதத்துக்கு ஒருமுறை அங்கே ஒரு டேனரியில் கேட்டு வாங்குவேன். ஆபீஸ் கிளார்க்குக்கு என்னைத் தெரியும். என் பள்ளித் தோழன் யூசுப் அங்கேதான் டிரம் ஓட்டினான். காலையில் தோலை ஏற்றிச் சுற்றவிட்டு, இரண்டு மணிக்கு நிறுத்தி, கதவைத் திறந்து, கொக்கியால் தோலை இழுத்துப் போடுவது அவன் வேலை.

நான்கு டிரம் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே இருக்கிற மரக் கட்டைகள் தோலைத் தூக்கித் தூக்கிப் போடும். ஒரு சுற்றுக்கு நான்கு தட்டு. தொம், தொம், தொம், தொம். யூசுப்பின் டிரம் மட்டும் அப்படி ஓடவில்லை. தொம், தொம், ஒரு இடைவெளி, உள்ளே எங்கோ இரும்பு டக் என்று ஒரு சத்தம், பிறகு தொம், தொம். மூன்றாவது தட்டு பிந்தி விழுந்தது. ஆனால் நாலாவது சரியாக அதன் இடத்தில் வந்து நின்றது. நொண்டுகிறவன் ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு வந்து சேர்கிறான்.

நாற்றம்கூடத் தெரியவில்லை. நோட்டை எடுத்து நான்கு கட்டம் போட்டேன். மூன்றாவது தட்டு கால் பங்கு பிந்துகிறது என்று குறித்தேன்.

"டேய் தேவா, தோலு வாங்க வந்தியா, டிரம்மு வாங்க வந்தியா?" என்றான் யூசுப்.

"உன் டிரம்மு பாடுதுடா. எங்க கேசட்டு பத்தாவது பாட்டுக்கு இதான் ரிதம்."

"பாடட்டும் பாடட்டும். எனுக்குத்தான் பேஜாரு. ஒரு மாசமா இப்டிதான் இட்ச்சிகினு ஓடுது."

வேலூருக்கு வந்து வாசித்தால் வரவில்லை. பிந்துவதைக் கை செய்தது. நேரத்துக்கு வந்து சேர்வதைச் செய்யவில்லை. புதன்கிழமை மறுபடி போனேன். ஒரு மணி நேரம் டிரம் முன்னால் நின்றேன். மூன்றாவது தட்டு இப்போது கால் பங்கு அல்ல, அரைப் பங்கு பிந்தியது. இரும்புச் சத்தமும் கொஞ்சம் தடித்திருந்தது. இன்னும் அழகாக இருந்தது. நோட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்: 'அரை. இன்னும் அழகு.' என் கையெழுத்துதான், மறுக்க முடியாது.

யூசுப் டிரம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். "சத்தம் ஜாஸ்தி ஆவுது. மேஸ்திரிகிட்ட சொல்லி நிறுத்தலாம்னு இருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதற்காக என்பதை இங்கே நேராக எழுதிவிடுகிறேன். டிரம்மை நிறுத்திவிட்டால் எனக்கு ரிதம் போய்விடும் என்றுதான்.

"ரெண்டு நாள் பொறுடா. டேப் ரெக்கார்டர் எடுத்துகினு வந்து புடிச்சிக்கிறேன். அப்புறம் சொல்லு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். "ரெண்டு நாளுதானே? தோஸ்துக்கு இது கூடவா செய்ய மாட்டேன்? சரி."

டேப் ரெக்கார்டருக்கு அவசியமே வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், தெருவில் நடந்து பார்க்கும்போது, திடீரென்று காலுக்கு வந்துவிட்டது. காலிலிருந்து கைக்கு வந்தது. பிந்தும் தட்டை விரலால் அல்ல, உள்ளங்கையின் அடியால் போட வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். அன்று பூராவும் வாசித்தேன். வெள்ளிக்கிழமையும் வாசித்தேன். ஆம்பூருக்குப் போகவில்லை. யூசுப்பிடம் 'ஆயிற்று, நிறுத்திக்கொள்' என்று சொல்ல வேண்டும் என்பது நினைவுக்கே வரவில்லை. மறந்தேன் என்று சொல்வதுகூட மரியாதையான சொல். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி மனதில் இல்லை.

சனிக்கிழமை பதினோரு மணி. கம்பெனிக்காரர் பெட்டியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் வாசித்தேன். இரண்டு சுற்று முடியும் முன்னால் மாஸ்டரின் வயலின் தோளுக்குப் போயிற்று. பேஸ் கிட்டார் செல்வம் சேர்ந்துகொண்டான். நான் வாசித்துக்கொண்டே கம்பெனிக்காரரின் காலைப் பார்த்தேன், ஆடியது.

செல்வம் நிறுத்திவிட்டான்.

அவனுடைய வார நாள் வேலை அரக்கோணம் ஜங்ஷனில். ரயில் வந்து நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போகிற வேலை. சத்தம் சரியில்லை என்றால் வண்டி நகராது.

"இது எங்க புடிச்சண்ணா?" என்றான்.

சொன்னேன். நோட்டையும் காட்டினேன், பெருமையோடு. திங்கள் கால், புதன் அரை.

நோட்டைப் பார்த்தான். "நிக்கிற எடத்துலயே நின்னா அது ரிதம். நாளுக்கு நாள் தள்ளிப் போவுதுன்னா அது கிராக்குண்ணா. அச்சு சேர்ற எடத்துல எதோ வுட்டுகினு இருக்குது. எவ்ளோ வெயிட்டு அது?"

ஒரு டிரம்மில் தண்ணீரோடு எத்தனை டன் இருக்கும் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. இரண்டு மணிக்கு அதன் கதவுக்குக் கீழே யார் நிற்பான் என்பது தெரியும்.

"இன்னாங்க, நடுவுல நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே போய்கினு இருந்துச்சு" என்றார் கம்பெனிக்காரர். மாஸ்டர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. வயலினை அதன் உறைக்குள் வைத்தார். "நீ போ தேவா. பெட்டி வாசிக்கட்டும்."

எதிரே மருந்துக் கடையில் போன் இருந்தது. ஆம்பூருக்கு மூன்று நிமிடத்துக்கு ஓர் அவசர டிரங்க் கால் போட்டேன். இருபது நிமிடம் கழித்துக் கிடைத்தது. கிளார்க்தான் எடுத்தார்.

"சார், நான் வேலூர்லருந்து தேவா. டிரம்மை உடனே பாக்கணும். உடைஞ்சிடும்!"

"தேவா சாரா? போன திங்கக்கெழமதான் வாங்கினு போனீங்க, அதுக்குள்ளயா கிழிஞ்சிச்சு?"

"கிழியல சார், அச்சு—"

"அடிக்கிறதைக் கொஞ்சம் மெதுவா அடிங்க சார். ஆட்டுத்தோல் இப்ப ஸ்டாக் கம்மி. புதன்கெழம வாங்க."

"என் டிரம் இல்ல சார், உங்க டிரம்மு! யூசுப்பு டிரம்மு!"

"யூசுப் எப்ப சார் டிரம் வாசிக்க ஆரம்பிச்சான்?" என்று சிரித்தார். மூன்று நிமிடம் முடிந்து லைன் அறுந்தது.

பன்னிரண்டே காலுக்குப் பஸ். அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் எழுத மாட்டேன். விரிஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணக் கூட்டம் பாத்திரங்களோடு ஏறியது. ஒவ்வொரு அண்டாவாகக் கூரைக்குப் போயிற்று. கண்டக்டரிடம் அவசரம் என்றேன். "எல்லாருக்கும்தான் அவசரம் சார்" என்றார். பள்ளிகொண்டாவில் டிரைவர் டீ குடித்தார். என் கை தொடையில் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. தொம், தொம், டக், தொம், தொம். நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. ஒரு வாரம் கெஞ்சியும் வராதது, இப்போது வேண்டாம் என்றாலும் போகவில்லை.

டேனரிச் சந்தில் நுழையும்போதே கேட்டது. முக்கால் பங்கு பிந்தியது. ஓடினேன். கடிகாரத்தில் இரண்டுக்கு ஐந்து நிமிடம். யூசுப் கொக்கியோடு டிரம்முக்குக் கீழே பலகையில் நின்றுகொண்டிருந்தான். நடுவில் மேஸ்திரி வந்து மறித்தார்.

"சனிக்கெழம தோலு குடுக்கறதில்ல சார்."

பேசிப் பிரயோஜனமில்லை என்று அன்றைக்கு எனக்கே புரிந்திருந்தது. பக்கத்தில் எடை போடும் மேஜை இருந்தது. அதன் பலகையில் தட்டினேன். "இது திங்கக்கெழம உங்க டிரம்மு" என்றேன். இரண்டு சுற்று. "இது புதன்கெழம." இரண்டு சுற்று. "இப்ப அது ஓடறதைக் கேளுங்க."

மேஸ்திரி எரிச்சலோடு தலையைத் திருப்பினார். பிறகு அப்படியே நின்றார். ஒரு மாதமாக அந்தச் சத்தத்துக்குள்ளேயே இருந்தவர், முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டார். மேஜையில் என் கை திங்கட்கிழமையைத் தட்ட, டிரம் சனிக்கிழமையைத் தட்டியது. இரண்டும் சேரவே இல்லை.

"யூசுப்பு, வெளிய வா!" என்று கத்திக்கொண்டே போய் ஸ்விட்சை இறக்கினார்.

ஃபிட்டர் வந்து, அச்சும் டிரம்மின் பக்கச் சுவரும் சேருகிற இரும்பு வளையத்திலிருந்த கிரீஸைத் துணியால் வழித்தார். மூன்று போல்ட் ஆடின. வளையத்தில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை விரிசல். என் சுண்டு விரல் நகம் உள்ளே போயிற்று. "தோல இழுக்கறதுக்கு முன்னும் பின்னும் அசைப்போமே, அப்ப எறங்கியிருக்கும்" என்றார். யார் மேல் என்று சொல்லவில்லை. எல்லோரும் யூசுப் நின்றிருந்த பலகையைப் பார்த்தோம்.

மேஸ்திரி யூசுப்பின் மேல் பாய்ந்தார். "இன்னாடா, ஒரு மாசமா ஓட்டற, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

யூசுப் என்னைப் பார்த்தான். கொக்கியைச் சுவரோரம் சாத்திவைத்தான். கை கழுவ வெளியே போனபோது நானும் பின்னால் போனேன். சோப்பைத் தேய்த்துக்கொண்டே, குற்றமாகச் சொல்லாமல், தேதி சொல்வதுபோல் சொன்னான்:

"நீ ரெண்டு நாளுன்னு சொன்ன. நேத்தோட முடிஞ்சிச்சு. சரி, இன்னும் புடிக்கலபோல, வந்து சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்."

அந்த ரிதத்தை நான் பிறகு வாசிக்கவில்லை. மாஸ்டர் ஒருமுறை கேட்டார். கை மறந்துவிட்டது என்றேன். நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. பத்துப் பாட்டுக்கும் பெட்டிதான் வாசித்தது. நொண்டி நடக்கிறவன் பாட்டுக்கு, வித்தியாசமே இல்லாத நான்கு தட்டு. அடுத்த வருடம் அந்தப் பெட்டிக்குப் பொத்தான் அழுத்த ஆள் வேண்டும் என்று என்னையே கூப்பிட்டார்கள், போனேன்.

கேசட் வந்து இரண்டு மாதம் கழித்து யூசுப் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். அவன் அண்ணன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, கேசட்டைப் போட்டான். பத்தாவது பாட்டு வந்ததும் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் செய்தான்.

"கேளு, கேளு. இது எங்க டிரம்மு. எங்க தேவா வந்து நின்னு புடிச்சது."

மச்சான் சந்தேகமாகக் கேட்டார். "அது இட்ச்சிகினு ஓடும்னு சொன்னியே?"

"அது அப்போ" என்றான் யூசுப். ஒலிபெருக்கிப் பக்கம் காதைச் சாய்த்து, பெட்டியின் நான்கு தட்டையும் எண்ணிக் கேட்டான். "ரிப்பேர் பண்ணப்புறம் இப்டிதான் ஓடுது."